யார் நிறுத்தியது?

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், எங்கள் வீட்டுக்கு இரண்டு லயம் (தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு) தள்ளிக் குடியிருக்கும் ஆச்சி கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். நாற்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். அப்போது மாதம் 1,600 ரூபாயாக இருந்த முதியோர் பென்ஷன் நான்கு மாதமாக வரவில்லை. ஏன் என்று கேட்டுத் தமிழில் எழுதிப் போட்ட மனுவுக்கு மலையாளத்தில் பதில் வந்திருந்தது. (1969ஆம் வருடத்து ஆட்சிமொழிச் சட்டப்படி கேரளத்துத் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில்தான் வர வேண்டும். மூணாறு, தேவிகுளம், பீருமேடு பக்கத்து ஆட்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.)

பதிலில் ஒரே ஒரு வரிதான் விஷயம். மஸ்டரிங் (உயிரோடு இருப்பதைக் காட்டும் பதிவு) முடியாததால் பென்ஷன் "தடஞ்ஞு வெச்சிரிக்குன்னு" என்று இருந்தது. அதைத் தமிழில் சொல்லப் போன நான் பாதியில் நின்றுவிட்டேன். "உங்க பென்ஷன நிறுத்தி வச்சிருக்..." அதற்கு மேல் என்ன போடுவது? வச்சிருக்கான்? வச்சிருக்காரு? வச்சிருக்காங்க? மலையாள வரியில் அது இல்லை. கடைசியில் "நிறுத்தி வச்சிருக்கு ஆச்சி" என்று முடித்தேன்.

அவர் விடவில்லை. "அது சரிய்யா. யாரு நிறுத்துனது?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

தமிழில் ஒரு வினைச்சொல் செய்தவரைத் தன் வாலிலேயே கட்டிக்கொண்டு வரும். நிறுத்தினேன், நிறுத்தினாய், நிறுத்தினார், நிறுத்தினார்கள். எழுவாயைச் சொல்லாமல் விட்டாலும் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். மலையாளத்தில் அப்படி இல்லை. ஞான் நிர்த்தி, நீ நிர்த்தி, அவர் நிர்த்தி. எல்லோருக்கும் ஒரே வினை. பழைய மலையாளப் பாட்டுகளில் இந்த விகுதிகள் இருந்தன, காலப்போக்கில் உதிர்ந்துவிட்டன. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. வீட்டிலும் கடையிலும் பேசும்போது மலையாளிகள் ஆளைச் சொல்லித்தான் பேசுகிறார்கள். ஆனால் ஆபீஸ் காகிதத்தில் எழுவாயை எடுத்துவிட்டால், அந்த வாக்கியத்தில் ஆளுக்கு ஒரு தடயம்கூட மிஞ்சுவதில்லை. இரண்டு மொழிக்கும் நடுவில் குடியிருப்பதால்தான் எனக்கு இது கண்ணில் பட்டது என்று நினைக்கிறேன். மலையாளத்தில் ஆளை மறைக்க ஒரு சொல்லை விட்டாலே போதும். தமிழில் மறைக்க வேண்டுமானால் வாலை வெட்டி வேறொரு வாலை ஒட்ட வேண்டும். அது தானாக நடக்காது.

"படு" அதற்கான முதல் கருவி. நிறுத்தப்பட்டது, ரத்து செய்யப்பட்டது, அப்புறப்படுத்தப்பட்டனர். நம் வீட்டுப் பேச்சைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். "சோறு என்னால் சமைக்கப்பட்டது" என்று எந்த வீட்டிலும் யாரும் சொல்வதில்லை. "டம்ளர் உன்னால் உடைக்கப்பட்டதா?" என்று எந்த அம்மாவும் பிள்ளையைக் கேட்டதில்லை. "நீதான உடச்ச?" என்றுதான் கேட்பார். படு சேர்ந்த வினை பேச்சுத் தமிழில் அபூர்வம். அது அரசாணையிலும் சுற்றறிக்கையிலும் செய்தித்தாளிலும் குடியிருக்கும் வினை. அதிகாரத்தோடு பேச்சு நடக்கும் இடத்தில் மட்டும் ஒரு தனி இலக்கணம் புழங்குகிறது என்றால், நாம் அதைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

பிள்ளையின் பதிலில் அடுத்த கருவி இருக்கிறது. "நான் உடைக்கல, அதுவா உடஞ்சிருச்சு." உடைந்தது, சாய்ந்தது, சரிந்தது, இறந்தனர்: இலக்கணத்தில் இவை தன்வினை. இதன் பக்கத்திலேயே உடைத்தார், சாய்த்தார், கொன்றார் நிற்கும். மூன்றாவது, செயலைப் பெயர்ச்சொல்லாக்கி "நடந்தது", "ஏற்பட்டது" சேர்ப்பது. துப்பாக்கிச்சூடு நடந்தது. மோதல் ஏற்பட்டது. காலதாமதம் ஏற்பட்டுள்ளது. நம்முடைய இலக்கணக்காரர்களுக்கு இந்த நழுவல் புதிதல்ல. "செயப்படு பொருளைச் செய்தது போலத் தொழிற்படக் கிளத்தலும் வழக்கியல் மரபே" என்று தொல்காப்பியத்தில் ஒரு சூத்திரமே உண்டு. "திண்ணை மெழுகிற்று" என்று உதாரணம் காட்டுவார்கள். திண்ணை தன்னைத் தானே மெழுகிக்கொள்ளாது, ஒரு பெண் குனிந்து மெழுகியிருக்கிறாள். ஆனால் சொல்லில் திண்ணைதான் நிற்கிறது. வேலை செய்தவளை விழுங்குவதற்கும் இதே வாக்கியம்தான், தப்பு செய்தவரை ஒளிப்பதற்கும் இதே வாக்கியம்தான்.

சரி, எல்லா இடத்திலும் செயப்பாட்டுவினை தப்பா என்றால் இல்லை. செய்தவர் யாரென்று உண்மையிலேயே தெரியாத நேரம் உண்டு. தெரிந்தாலும் தேவையில்லாத நேரம் உண்டு. "கடைகள் அடைக்கப்பட்டிருந்தன" என்பதில் ஒரு வஞ்சகமும் இல்லை. தெரிந்தும், தேவையாக இருந்தும், அதிகாரம் இருக்கும் பக்கத்தில் மட்டும் வால் காணாமல் போகும்போதுதான் பிரச்சினை.

ஆச்சி விஷயத்துக்கு வருகிறேன். மஸ்டரிங் என்றால் வருடத்துக்கு ஒரு தடவை அக்ஷய சென்டர் என்ற சேவை மையத்துக்குப் போய், உயிரோடு இருக்கிறோம் என்று கைரேகை வைத்துக் காட்டுவது. ஆச்சி போயிருக்கிறார், இரண்டு தடவை. கைரேகை விழவில்லை. நாற்பது வருடம் கொழுந்து கிள்ளிய பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் எனக்குக் காட்டினார். தேயிலைச் சாறு ஏறி ஏறிக் கறுத்து, நுனி வழுவழுவென்று தேய்ந்து, கோடே இல்லை. "விரல் பதியுன்னில்லா" என்று அங்கே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த ஆபீசில் "சைட்ல காணிக்குன்னில்லா". அதற்கடுத்து "முகளில் நின்னு ஓர்டர்". விரல் பதியவில்லை, சைட்டில் காட்டவில்லை, மேலேயிருந்து வந்தது. இந்த மூன்று வாக்கியத்திலும் ஆள் இல்லை. ஒரு தப்பு யார் தலையிலாவது விழுகிறது என்றால், அது ஆச்சியின் விரல் தலையில். கைரேகை விழாதவர்களுக்கு உயிர்ச்சான்று கொடுத்துச் சரிசெய்ய வழி இருக்கிறது. அதை அவருக்குச் சொல்லாமல் விட்டவர்கள் ஆட்கள், விரல் அல்ல.

இதே மலையில் 2015 செப்டம்பரில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். அந்த வருடம் தோட்டத் தொழிலாளர்களுக்கு போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அன்று தினக்கூலி 232 ரூபாய். பேச்சுவார்த்தை மேசையில் தொழிற்சங்கத் தலைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்; ஆனாலும் வெளியே வந்த வாக்கியத்தில் ஆள் இல்லை, போனஸ் குறைந்தது என்ற சேதி மட்டும் இருந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சங்கத் தலைவர்களைக் கிட்டே விடாமல் மூணாறு டவுனை மறித்து உட்கார்ந்தார்கள். பெண்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயர் அப்போதுதான் வெளியே தெரிந்தது. அவர்கள் போட்ட கோஷங்களைக் கேட்டவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். எல்லாமே "நாங்க", "நீங்க". சுமப்பது நாங்க, பணத்தை அள்ளுவது நீங்க, என்கிற மாதிரி. கம்பெனியையும் நீங்க என்றார்கள், சங்கத்தையும் நீங்க என்றார்கள். ஒன்பதாவது நாள் 20 சதவீதத்துக்கு ஒப்பந்தம் ஆனது. ஒரு போராட்டம் ஜெயிப்பதற்குப் பல காரணம் இருக்கும். ஆனால் "குறைக்கப்பட்டது" என்ற சொல்லை "நீங்க குறைச்சீங்க" என்று அந்தப் பெண்கள் திருப்பிச் சொன்ன இடத்தில்தான் எதிரே யாராவது வந்து உட்கார வேண்டிய நிலை வந்தது என்று நான் நம்புகிறேன்.

மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் நடந்தது வேறு மாதிரி. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு. நிலச்சரிவு ஏற்பட்டது, நான்கு லயங்கள் மண்ணுக்குள் போயின, 70 பேர். மழை பெய்தது, மலை சரிந்தது. இங்கே தன்வினைதான் சரியான வினை, மழைக்கு எழுவாய் தேட முடியாது. ஆனால் "இயற்கைச் சீற்றம்" என்ற ஒரே சொல்லுக்குள் மழையோடு சேர்த்து எத்தனை மனித வினைகளை உள்ளே தள்ளிவிட்டார்கள்! அந்தச் சரிவுக்குக் கீழே, ஓடைப் பக்கத்தில் லயம் கட்டலாம் என்று ஒரு காலத்தில் யாரோ தீர்மானித்தார்கள். மலை ஈரம் குடித்து நின்ற வாரத்தில் அங்கே ஆட்களை இருக்கவிட்டார்கள். போன் சிக்னலும் மின்சாரமும் இல்லாமல், சேதி வெளியே வர மறுநாள் காலை ஆனது. பெரியவாரைப் பாலம் 2018 வெள்ளத்திலேயே அடிபட்டது. இரண்டு வருடம் கழித்தும் தற்காலிக ஏற்பாடுதான், அதுவும் அந்த மழையில் போய் மீட்பு வண்டிகள் தாமதமாயின. லயம் "அமைந்திருந்தது", சிக்னல் "கிடைக்கவில்லை", பாலம் "சேதமடைந்தது". ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சாதாரண வாக்கியம். அடுக்கி வைத்தால் 70 பேர் செத்த இடத்தில் ஒரு மனிதரும் எதையும் செய்யவில்லை என்றாகிவிடுகிறது.

ஆந்திர எல்லைப் பக்கம் போனால் இந்த இலக்கணம் இன்னும் கொடூரமாக வேலை செய்கிறது. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி, சித்தூர் மாவட்டத்தில் சேஷாசலம் மலையடிவாரம். செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 பேர் செத்தார்கள். பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களிலிருந்து கூலிக்குப் போனவர்கள், அதில் மலைவாழ் மக்களும் உண்டு. மறுநாள் தமிழிலும் தெலுங்கிலும் நாம் வாசித்தது என்ன? "20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர்." "என்கவுண்ட்டரில் 20 பேர் பலி." தெலுங்கில் "எதுரு கால்புலு", அதாவது இருபக்கமும் சுட்டுக்கொண்டது என்ற பொருள் தரும் சொல்.

"கொல்லப்பட்டனர்" என்ற சொல்லின் வாலைப் பாருங்கள். அந்த "அனர்" யாரைக் குறிக்கிறது? செத்தவர்களை. சுட்டவர்கள் இருக்க வேண்டிய இடத்தில் செத்தவர்கள் வந்து நிற்கிறார்கள். எழுவாய் அவர்கள் ஆனதும் அடுத்தடுத்த கேள்விகளும் அவர்களைப் பார்த்தே எழுகின்றன. அவர்கள் ஏன் அங்கே போனார்கள்? மரம் வெட்டத்தானே போனார்கள்? யார் அனுப்பியது? கல்லும் கோடாலியும் வீசினார்களாமே? யார் சுட்டார், எத்தனை தூரத்திலிருந்து, யார் சொல்லிச் சுட்டார் என்ற கேள்விக்கு வாக்கியத்தில் உட்கார இடமே இல்லை. "பலி" என்ற சொல்லும் அப்படித்தான். கோயில் பலிக்குக்கூடக் கொடுப்பவர் ஒருவர் உண்டு. செய்தித் தலைப்பில் மட்டும் பலி இருக்கிறது, கொடுத்தவர் இல்லை. சிலரைப் பேருந்திலிருந்தே போலீஸ் பிடித்துக்கொண்டு போனது என்று, தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள். அந்தச் சாட்சியில் வினைகளுக்கு வால் இருந்தது.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை என்பதற்கு நீதிமன்றமே சாட்சி. போலீஸ் சுட்டு ஒருவர் இறந்தால், செத்தவர்களையே குற்றவாளிகளாக்கி, "போலீசைக் கொல்ல முயன்றார்கள்" என்று வழக்குப் பதிவது நெடுநாள் வழக்கம். 2009 பிப்ரவரியில் அன்றைய ஆந்திர உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றச் சொன்னது. போலீசால் ஒருவர் இறந்தால் அந்தச் சாவையே குற்றமாக முதல் தகவல் அறிக்கையில் பதிந்து விசாரிக்க வேண்டும், தற்காப்பு என்றால் அதை விசாரணை நீதிமன்றத்தில் நிரூபிக்கட்டும் என்றது. சுட்டவரை எழுவாய் இடத்துக்குக் கொண்டுவரும் தீர்ப்பு அது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. பிறகு 2014 செப்டம்பரில், மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் 16 நெறிமுறைகளை உச்ச நீதிமன்றமே வகுத்தது: முதல் தகவல் அறிக்கை கட்டாயம், வேறு காவல் நிலையமோ சி.ஐ.டி.யோ விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும். சேஷாசலம் நடந்தது அதற்கு ஏழு மாதம்கூட ஆகாத நிலையில்.

பத்திரிகை நண்பர்களிடம் இதைப் பேசினால் அவர்கள் சொல்லும் காரணம் நியாயமானதுதான். போலீஸ் குறிப்பு சாயங்காலம் வருகிறது, பக்கம் முடிக்க வேண்டும், உறுதியாகாததை எழுதினால் வழக்கு வரும். ஆனால் "போலீசார் சுட்டதில் 20 பேர் இறந்தனர்" என்று எழுத எந்த வழக்கும் வராது. சுட்டோம் என்று போலீசே ஒப்புக்கொண்ட விஷயம் அது. சட்டப் பயம் என்பதைவிட, கை பழகிப்போனதுதான் பெரிய காரணமாக எனக்குத் தெரிகிறது.

வார்த்தை மாறினால் கேட்பவர் மனதில் என்ன மாறிவிடப் போகிறது என்று கேட்கலாம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெய்ட்லின் ஃபாசி, லேரா போரோடிட்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். ஓட்டல் ஒன்றில் மேசை மெழுகுவர்த்தியால் தீப்பிடித்த கதையை இரண்டு விதமாக எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றில் அந்தப் பெண் மெழுகுவர்த்தியைச் சாய்த்தாள். மற்றதில் மெழுகுவர்த்தி சாய்ந்தது. சாய்த்தாள் என்று வாசித்தவர்கள் அவள்மேல் கூடுதலாகப் பழி போட்டார்கள், நஷ்டத்துக்குக் கூடுதல் பணம் கட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். சம்பவம் ஒன்றுதான். சாய்த்தாள், சாய்ந்தது: தமிழில் ஓர் எழுத்து வித்தியாசம், கொஞ்சம் வால் வித்தியாசம், அதற்கு ஒரு விலை இருக்கிறது.

அந்த விலையை அதிகாரத்தில் இருப்பவர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். ஒரு பாலம் திறந்தால் கல்வெட்டைப் பாருங்கள். திறந்துவைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் என்று வரிசையாகப் பெயர், பட்டம், தேதி எல்லாம் இருக்கும். அங்கே ஒரு வினைக்கும் வால் குறையாது. அதே பாலம் போனால் "இடிந்தது". 1987இல் ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் பற்றி அமெரிக்க அதிபர் ரீகன் நாடாளுமன்றத்தின் முன் பேசியபோது, கடுமையான தவறுகள் செய்யப்பட்டன என்றார். செய்தவர் யார் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. ஆங்கிலத்தில் அந்த வாசகம் ஒரு பழமொழி மாதிரியே ஆகிவிட்டது. நம் பக்கத்தில் "அசம்பாவிதம் நடந்துவிட்டது" என்பதற்கு அதே வேலை.

இதற்கு நேர்மாறான ஒரு உதாரணம் இந்த எல்லைப் பகுதியிலேயே இருக்கிறது. குமரிப் பகுதியைத் தமிழகத்தோடு இணைக்கச் சொல்லி நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திருவிதாங்கூர்-கொச்சி போலீஸ் சுட்டது. ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசு. அந்தக் கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா அப்போது வடக்கே சிறையில் இருந்தார். அங்கிருந்தே, நம் அரசு ராஜினாமா செய்ய வேண்டும் என்று கேட்டார். எதிர்க்கட்சியைப் பார்த்துக் கேட்பது சுலபம். சொந்தக் கட்சி ஆட்சியைப் பார்த்து "சுட்டது நாம்" என்று சொன்ன குரல் அது. கட்சி கேட்கவில்லை, பிறகு அந்தக் கட்சியே உடைந்தது. 1956 நவம்பர் 1இல் குமரி தமிழகத்துக்கு வந்தது, தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் இருந்தன. இன்றைக்கும் துப்பாக்கிச்சூடு "நடந்த" ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தக் குரல் நினைவுக்கு வரும்.

ஆச்சிக்காக நான் செய்தது சின்ன வேலை. தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, ஒரு முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அந்த முடிவின் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது. பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி மலையாளத்தில் மூன்று கேள்வி எழுதினேன். நிறுத்த என்ன காரணம்? எந்தத் தேதியில்? எந்தப் பதவியில் இருக்கும் அதிகாரி உத்தரவிட்டார்? மூன்றாவதை எழுதும்போது மட்டும் "ஆராணு" (யார்) என்ற சொல்லுக்கு அடிக்கோடு போட்டேன்.

முப்பது நாளுக்குள் பதில் வந்துவிட்டது. முதல் இரண்டு கேள்விக்கும் பழைய பாணியிலேயே, ஆள் இல்லாத வாக்கியங்கள். மூன்றாவதற்கு ஒரு பதவிப் பெயர் இருந்தது. உயிர்ச்சான்றை எங்கே கொடுக்கலாம் என்பதும் கீழே ஒரு வரியில் இருந்தது.

ஆச்சியின் வாசலில் உட்கார்ந்து வாசித்துச் சொன்னேன். "இந்தத் தேதியில, இந்த ஆபீசரு நிறுத்தி வச்சாரு, ஆச்சி." இந்தத் தடவை வாய் தடுக்கவில்லை.

அவர் காகிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "அவரு எந்த ரூம்புல உக்காந்திருப்பாருய்யா?"

மாடியில், இடதுபக்கம் இரண்டாவது கதவு என்றேன். திங்கள்கிழமை காலை முதல் ஜீப்பில் போவதாகச் சொன்னார்.